எழும்பிக் கொடுத்த கதிரை

மகன்,

படைத்தவனின் சாந்தி உன்மீது இருக்கட்டும். நீ கண்டியிலிருந்து போட்ட கடிதம், வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பயிற்சிக் காலம் முடிந்து முதல் நியமனம் கிடைத்துவிட்டது, அம்பாறைக்கு அப்பால் குடியேற்றக் கிராமம் ஒன்றின் ஆஸ்பத்திரிப் பொறுப்பே உன் கைக்கு வருகிறது என்ற இடத்தில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த பக்கத்தில் அந்த வரி இருந்தது. அங்கே ஒரு கிழட்டு அப்போதிக்கரி பல வருடமாக ராஜா போல இருக்கிறான், போன அன்றைக்கே அவனுடைய இடம் எது என்று காட்டிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். அதையும் சத்தமாகத்தான் வாசித்தேன். உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவன் யார்ர புள்ளையெண்டு மறந்திட்டான் போல கிடக்கு" என்றாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

எனக்குக் கோபம் இல்லை. அதை எழுதும்போது நீ என்னை நினைக்கவில்லை என்பது தெரியும். ஆனால் நானும் ஒரு கிழட்டு அப்போதிக்கரிதான். கொஞ்சக் காலம் மருந்துப் படிப்புப் படித்துவிட்டு, டொக்டர்மார் போக விரும்பாத ஊர்களுக்கெல்லாம் டொக்டர் வேலை பார்க்க அனுப்பப்பட்டவர்களில் ஒருவன். நீ சந்திக்கப்போகும் மனிதரின் நெஞ்சுக்குள் என்ன இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உன் நெஞ்சுக்குள் இப்போது இருப்பதும் தெரியும், ஏனென்றால் அது என்னிடமிருந்து வந்தது. அதை என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. புத்த சமயத்தைச் சேர்ந்த ஒரு நண்பர் எனக்குக் காட்டித் தந்தது. நான் செய்து பார்த்தேன், பலித்தது. நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்த வருடங்களில் இந்த வீட்டில் நடந்த கதை அது. ஆறுதலாக வாசி.

அந்த நண்பர் விமலதாச. அவரை உனக்குத் தெரியும். பெருநாளைக்குக் கித்துள் கருப்பட்டியும் தேன் போத்தலுமாக பஸ்ஸில் வந்து இறங்குவாரே, அவர்தான். நீ கண்டது இரண்டு கையிலும் கொண்டுவருகிற மனிதரை. நான் முதலில் சந்தித்தபோது அவரே வேறு ஆள். என்னைப் போலவே அவரும் அப்போதிக்கரி. உள்நாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே குவாட்டர்ஸ் தந்திருந்தார்கள். அப்படியொரு கருமியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. தீக்குச்சியை நெடுக்காகக் கிழித்து இரண்டாக்கி வைப்பார். சீனி டின்னுக்குப் பூட்டு. ஊரிலிருந்து கருவாடு வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பொரிப்பார், மணம் மட்டும் எனக்கு வரும். நான் அதைச் சொல்லிச் சொல்லி ஆஸ்பத்திரி முழுவதையும் சிரிக்க வைத்தேன். என்னிடம் கருமித்தனம் இல்லை, யார் வந்தாலும் சோறு போடுகிறவன் நான் என்ற நினைப்பு எனக்கு.

ஒரு பள்ளி விடுமுறைக்கு அவருடைய சின்ன மகள் வந்து எங்களோடு தங்கியிருந்தாள். பிற்பகல் ஒன்றில் நான் பிஸ்கட் பெட்டியைத் திறந்து நீட்டினேன். பிள்ளை ஒன்றை எடுத்தது, பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்குச் சொல்லவேணாம், மாமா" என்றது. அது என்னுடைய பிஸ்கட். ஆனாலும் வீட்டில் பழகின பயம். விமலதாச அந்த வாசலுக்கு வெளியே கால் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறார். அது அவருக்குக் கேட்டிருக்கிறது. மகளை ஊரில் விட்டுவிட்டு, மிச்ச லீவையும் போட்டுக்கொண்டு எங்கோ காட்டுக்குள் இருந்த ஆரண்ய மடத்துக்குப் போய் ஒரு ஹாமுதுருவிடம், புத்த பிக்குவிடம், இருந்துவிட்டு வந்தார்.

வந்த பிறகு ஒரு நாள் காலையில் அவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்தால், ஆள் பாயில் சம்மணம் போட்டு இருக்கிறார். வலது கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி. அதை இடது கையில் வைக்கிறார். இடது கையிலிருந்து வலது கைக்கு. மறுகா வலதிலிருந்து இடதுக்கு. நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம், நம்முடைய பேச்சில் எழுதுகிறேன்.

"என்ன மச்சான் செய்றீங்க?"

"பழகிறன்."

"என்னத்த?"

"குடுக்க. வேற ஆளுக்குக் குடுக்கக் கை வருகுதில்ல. அதுதான் முதல்ல என்ட கைக்கே குடுத்துப் பாக்கிறன். சிரிக்கிறதெண்டா சிரிங்க, நான் விடமாட்டன்."

சிரிக்கத்தான் செய்தேன். அவர் விடவில்லை. சில காலம் கழித்து அந்தத் துண்டு காகத்துக்குப் போனது. பிறகு கூட்டித் துடைக்க வருகிற பெண்ணின் பிள்ளைகளுக்கு. ஒரு நாள் என் தேத்தண்ணிக் கோப்பைக்குள் அவரே சீனி போட்டுக் கலக்கினார். கரண்டி கோப்பையில் பட்டுக் கிணுகிணு என்றது. ஆளைப் பார்த்தேன், முகம் வியர்த்திருந்தது. அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கதை சொல்வதை நிறுத்தினேன். ஒரு மனிதன் தன்னைத்தானே கையில் எடுத்துத் திருத்துவதை அதற்கு முன் நான் கண்ணால் கண்டதில்லை. ஜும்ஆ மேடையில் பெருமை கூடாது, கருமித்தனம் கூடாது என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பசியாறியிருக்கிறேன், அவ்வளவுதான்.

குளத்துக்குக் குளிக்கப் போகும் வழியில் அவர் தான் படித்து வந்ததைச் சொல்லுவார். கருமித்தனம் என்பது சாமான்களில் மட்டும் இல்லையாம். இருக்கிற இடத்தைப் பிறருக்கு விடாத கருமித்தனம் இருக்கிறது. நம்மை நம்பி வருகிற குடும்பங்கள் வேறொருவரிடம் போகக்கூடாது என்கிற கருமித்தனம் இருக்கிறது. இன்னொருவனைப் பற்றி யாராவது நல்லது சொன்னால் வயிறு எரிகிறதே, அது புகழில் கருமித்தனம். தெரிந்ததைச் சொல்லித்தராதது அறிவில் கருமித்தனம். பெருமைக்கும் அப்படியொரு கணக்கு வைத்திருந்தார். நான் அவனைவிடக் கூட என்பது பெருமை, அது எல்லோருக்கும் தெரியும். நான் அவனுக்குச் சமம் என்பதும் பெருமை. நான் அவனைவிடக் குறைவு என்பதும் பெருமையே. "மூண்டு கதையிலயும் நடுவுல குந்திக்கிட்டு இரிக்கிறது ஒரே ஆள்தான் மச்சான், இந்த நான்" என்பார். எனக்கு அது அழகான பேச்சாகப் பட்டது. எனக்காகச் சொல்லப்பட்ட பேச்சாகப் படவில்லை.

ஓய்வு பெற்று நான் ஊருக்கு வந்து முன்னறையில் டிஸ்பென்சரி போட்டது உனக்குத் தெரியும். வெளியே போர்டு எழுத வந்தவன் என்ன பட்டம் போட என்று கேட்டபோது, "டொக்டர் எண்டு போடு" என்றேன். ஊரே அப்படித்தான் அழைத்தது. யாராவது வெளியூர்க்காரர் அப்போதிக்கரி ஐயா என்று கூப்பிட்டால் அவருக்கு மருந்து கொஞ்சம் பிந்தித்தான் கிடைக்கும். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும், அங்கால் பெரியநீலாவணைத் தமிழ்ச் சனங்களும், காலையில் என் வாசலில் போட்ட வாங்குப் பலகையில் இடம் பிடித்து இருப்பார்கள். நான் நன்றாகத்தான் பார்த்தேன், மகன். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் வாங்கு நிறைந்திருக்கிறதா என்று திரைச்சீலையை விலக்கிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பசியாறல் இறங்கும்.

அப்போது அன்சார் வந்தான். எம்.பி.பி.எஸ் படித்த டொக்டர், நம்முடைய ஊர் மீன் வியாபாரியின் பிள்ளை. நமக்கு நேர் முன்னால் ஓட்டு வீடொன்றை வாடகைக்கு எடுத்துத் திறந்தான். சின்னப் பிள்ளையாய் இருந்தபோது மூக்குக்குள் புளியங்கொட்டையைப் போட்டுக்கொண்டு அழுது வந்தவன், எடுத்துவிட்டது நான். யார் அவன் பெயரை எடுத்தாலும் இந்தப் புளியங்கொட்டைக் கதையைச் சொல்லுவேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த கிழமை அங்கே போவார்கள். வாங்கு கரையத் தொடங்கியது. என்னை ஆளாக்கிய குடும்பங்கள் என் வாசலைத் தாண்டும்போது குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனார்கள். வீதியில் அவன் சலாம் சொன்னால் தொண்டைக்குள் பதில் சொல்லுவேன். வருமானம் குறைந்தது எனக்கு வலிக்கவில்லை, பென்சன் இருந்தது. அங்கேயிருந்து "டொக்டர்" என்று கூப்பிடும் சத்தம் இங்கே கேட்டதுதான் வலித்தது.

விமலதாச அந்த முறை வந்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். உம்மா வட்டிலப்பம் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் பாதியிலேயே கேட்டார்: "அந்தப் பொடியனுக்கு நீங்க என்ன குடுத்திரிக்கீங்க?"

"நான் என்னத்துக்குக் குடுக்கணும்? அவன்தானே என்டத எடுத்திட்டான்."

"அப்ப நீங்க முதல்ல இருந்து தொடங்கணும். காலையில தொழுதிட்டு துஆக் கேப்பீங்கதானே. அதுல அவர்ர பேரையும் சேத்துக்கங்க. அவருக்கு என்ன வேணுமோ அதக் கேளுங்க. உங்களுக்கு வேண்டாதத இல்ல, அவருக்கு வேணுங்கிறத."

உம்மா உள்ளே போகும்போது, "இதுக்குப் பள்ளிவாசல்ல பத்வா கேக்கத் தேவையில்ல, செய்யுங்க" என்றாள்.

செய்தேன். சுபஹ் தொழுகைக்குப் பிறகு, உனக்கும் உன் தங்கைக்கும் கேட்ட பிறகு, யா அல்லாஹ், அன்சாரின் வாங்கை நிறையச் செய் என்று கேட்டேன். வாய் கேட்டது, நெஞ்சு கேட்கவில்லை. வேகமாகச் சொல்லித் தப்பப் பார்த்தேன். பல நாளைக்கு அப்படித்தான் போனது. அவனுக்காகக் கேட்கக் கஷ்டமாக இருந்த நாளில் அவனுடைய உம்மாவுக்காகக் கேட்டேன், அது இலேசாக வந்தது. இன்னொன்றும் சொல்லித் தந்திருந்தார்: பிறர் அவனைப் புகழும்போது நானும் பொய்யில்லாத ஒரு சொல் சேர்க்க வேண்டும். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் புதிய டொக்டர் கெட்டிக்காரர் என்றார். புளியங்கொட்டை நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஓம், மெதுவான கை. ஊசி போட்டாப் புள்ளைகள் அழுறதில்ல" என்றேன். உண்மையும் அதுதான். சொன்ன பிறகு பார்த்தேன், எனக்கு ஒன்றும் குறையவில்லை. இதெல்லாம் சின்ன வேலைகள். ஆனால் பெரிய வேலை வந்த நாளில் என் கை ஓரளவு பழகியிருந்தது இந்தச் சின்ன வேலைகளால்தான்.

சூறாவளி அடித்த அடுத்த நாள் காலை. நீ கொழும்பில் இருந்தாய், பத்திரிகையில் பார்த்திருப்பாய். தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. வீதியைக் கடலா ஆறா என்று சொல்ல முடியவில்லை. நம்முடைய முன்னறைக்குக் கொங்கிறீட் கூரை என்பதால் போத்தல் ஒன்றும் உடையவில்லை. முன்வீட்டுக்குக் கூரையே இல்லை. ஓடு முழுவதும் போய், மருந்துப் பெட்டிகள் நனைந்து, அன்சார் வாசல் திண்ணையில் ஒரு மேசையைப் போட்டுத் தகரம் வெட்டிய காயங்களுக்குத் தையல் போட்டுக்கொண்டு நின்றான். தூறல் விடவில்லை. ஒருவர் அவன் தலைக்கு மேல் பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னலால் பார்த்துவிட்டு உள்ளே வந்து போத்தல்களை அடுக்கினேன்.

"இஞ்சாருங்க" என்றாள் உம்மா. "அந்தப் புள்ள மழைக்குள்ள நிண்டு தைக்குது. நமக்கு நனையாத ரூம் ஒண்டு கிடக்கு. நீங்க போத்தல எத்தினதரம் அடுக்கப் போறீங்க?"

வீதியைக் கடந்தேன். முழங்கால் தண்ணீர். அதைவிட அந்த அகலம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ட ரூமுக்கு வாங்க, டொக்டர்" என்றேன். அந்தச் சொல்லை அவனுக்கு நான் கொடுத்தது அதுதான் முதல் தரம். அவன் ஊசியைக் கீழே வைக்காமலே, "சரி மாமா" என்று கூடவே வந்துவிட்டான். யோசிக்க நேரம் இல்லை அவனுக்கு. எனக்கு இருந்தது. அறையில் ஒரு மேசை, ஒரு கதிரை. அவன் கதிரையைப் பார்க்காமல் நின்றான். நான் அதை இழுத்து அவன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இரிங்க, நான் மருந்து கலக்கித் தாறன்" என்றேன். மருந்து கலக்குகிற மூலைக்குப் போய் நின்றேன். சனம் உள்ளே வந்தது. யாரோ "டொக்டர்" என்று கூப்பிட இரண்டு பேரும் திரும்பினோம். அவர்கள் பார்த்தது அவனை. நான் போத்தலின் பக்கம் திரும்பிக்கொண்டேன். காது சுட்டது. ஒளிக்கத் தேவையில்லை, நன்றாகவே சுட்டது. ஆனால் கை வேலை செய்தது. இப்படியே அவனுடைய கூரை திருத்தி முடியும் வரைக்கும், மாரி கழியும் வரைக்கும், அந்த அறையில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. கதிரை மரத்தால் செய்தது, கொடுக்கலாம்.

கிணறுகளுக்குள் வெள்ளம் இறங்கியதால் வயிற்றோட்டம் பரவியது. பெரியநீலாவணையிலிருந்து ஒரு தாய், கடற்றொழில் செய்கிறவரின் பெண்சாதி, பால்குடி மறந்த கைக்குழந்தையைக் கொண்டுவந்தாள். கண் குழிந்து, நாக்கு வறண்டு, அழக்கூடச் சத்தமில்லை அதற்கு. அன்சார் தோலைக் கிள்ளிப் பார்த்தான், அது கிள்ளினபடியே நின்றது. பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பாதை இல்லை. ஏற்றுகிற சேலைன் முடிந்துபோயிருந்தது. கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் சீனியும் கலந்து, கரண்டி கரண்டியாக நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னான். அவள் குழந்தையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டாள்.

"தண்ணி குடுக்கப்படா. வயித்தால போகக்குள்ள தண்ணி குடுத்தா இன்னும் போகும். எங்கட ஐயா எப்பவும் சொல்றது அதுதான். மூத்தவனுக்கும் ஐயா சொன்னபடி வாயக் கட்டித்தான் வெச்சன், அவன் தப்பினான்." என்னைக் கையால் காட்டினாள். "நீங்களே சொல்லுங்க ஐயா."

அறை முழுக்கச் சனம். அவள் சொன்னது சரி. நான் படித்த காலத்தில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், நானும் அந்தக் கரை முழுக்க அப்படித்தான் சொல்லிவந்தேன். கொஞ்ச நாளாக அன்சார் வேறு மாதிரிச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டேன், அவன் சொன்ன பிள்ளைகள் எழும்பி நடப்பதையும் பார்த்தேன். ஆனாலும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கரண்டிக்கும் நடுவில் நின்றது என்னுடைய பெயர்தான். அவள் என்னை நம்பினாள். அந்த நம்பிக்கை அவள் பிள்ளையைக் கொண்டுபோகப் பார்த்தது.

அன்சார் என்ன செய்தான் என்பதைக் கவனமாக வாசி, மகன். அவர் சொன்னது பழைய காலத்துப் பிழை என்று அவன் ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். சட்டமும் படிப்பும் அவன் பக்கம். அவன் சொல்லவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவசரப்படுத்தாமல், ஆனால் கண்ணை எடுக்காமல், எனக்கு இடம் விட்டு நின்றான்.

"நான் சொன்னது பிழை, மகள்" என்றேன். குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பின்னால் நின்றவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று திரும்பச் சொன்னேன். "இவ்வளவு காலமும் நான் பிழையாச் சொல்லித் தந்திட்டன். தண்ணி குடுக்கணும். இவர் சொல்றதுதான் சரி. எல்லாரும் வீட்ட போய் அப்படிச் செய்யுங்க." அவள் நம்பாமல் பார்த்தாள். அதனால் குழந்தையை நானே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவனிடமிருந்து கரண்டியை எடுத்தேன். சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டேன். முதலில் வெளியே வழிந்தது. பிறகு தொண்டை அசைந்தது. பின்நேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம் வரை எழும்பவில்லை. ஒரு கட்டத்தில் என் சாரன் வெதுவெதுப்பாக நனைந்தது. அன்சார் குனிந்து பார்த்துச் சிரித்தான். "மாமா, சிறுநீர் போயிரிக்கு. இனிப் பயமில்ல" என்றான். அந்தத் தாய் சுவரில் சாய்ந்து இருந்தபடியே அழுதாள். அந்தப் பிள்ளை இப்போது பெரியநீலாவணையில் பள்ளிக்கூடம் போகிறாள்.

அதற்குப் பிறகு நான் சுத்தமாகிவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்து வந்தது எல்லாவற்றிலும் சிரிப்பான பெருமை. நான் இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லத் தொடங்கினேன். பள்ளியில், கடையில், கல்யாண வீடுகளில். சபைக்கு முன்னால் பிழையை ஒப்புக்கொண்ட மனிதன் நான், கதிரையை விட்டுக்கொடுத்த மனிதன் நான். கேட்பவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள், எனக்கு அது பழைய வாங்கைவிட ருசியாக இருந்தது. விமலதாச வந்தபோது அவருக்கும் விரிவாகச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி முடியும் வரை கேட்டுவிட்டு, "மச்சான், அந்தக் கதிரையக் குடுத்திட்டு இதவிட ஒசரமான கதிரை ஒண்டு எடுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார். உம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், நிறுத்த முடியவில்லை அவளுக்கு. எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அந்தச் சிரிப்பில் போனது போல வேறு எதிலும் என் பெருமை போனதில்லை. இன்றைக்கு இதை உனக்கு எழுதும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அது கதிரை தேடி வருகிறதா என்று.

ஆகவே மகன், நீ போகிற இடத்தில் அந்த மனிதருக்கு அவருடைய இடத்தைக் காட்டாதே. அதற்காக எல்லோருக்கும் முன்னால் அவர் காலைத் தொடுகிற மாதிரி மரியாதை நாடகமும் வேண்டாம், அதுவும் உன்னைப் பெரிதாக்குகிற வேலைதான். அவரிடம் பழைய வழக்கங்கள் இருக்கும், சில பிழையாக இருக்கும். பிழையை விடாதே, அது உயிர் விஷயம். ஆனால் அவர் தானாகத் திருத்திக்கொள்ள ஒரு நிமிட இடம் விடு. அந்த ஒரு நிமிடம் நீ அவருக்குக் கொடுக்கிற தானம். தினமும் ஒரு தொழுகைக்குப் பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கேள். முதலில் நெஞ்சு வராது, வாய் மட்டும் வரும். பரவாயில்லை, வாயில் தொடங்கு. உனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிக்கொடு. யாராவது அவரைப் புகழ்ந்தால் உன் பங்குக்கும் ஒரு சொல் போடு. இது வரும். எனக்கே வந்தது, உனக்கு வராமல் போகாது.

விமலதாச போன வருடம் மவுத்தானார். செய்தி வந்தபோது வீதியெல்லாம் சோதனைச் சாவடிகள், உள்நாட்டுப் பக்கம் நம்முடைய ஆட்கள் போக யோசித்த காலம். "நான் கொண்டு போறன் மாமா" என்று அன்சார் காரை எடுத்தான். செத்த வீட்டில் வெள்ளைக்கொடி கட்டி, ஊரே கூடியிருந்தது. ஒவ்வொருவரும் அவர் கொடுத்ததைச் சொன்னார்கள். பிறந்த நாளிலிருந்தே கை நீட்டமான மனிதர் என்றார் அயல்வீட்டுக்காரர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாயாகிவிட்ட அவருடைய மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கட அப்பா ஒருநாளும் யாருக்கும் இல்லையெண்டு சொன்னதில்ல, மாமா" என்றாள். அவள் மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா தெரியாது. ஓம் என்று மட்டும் சொன்னேன். ஒரு மனிதன் தன் குணத்தை இவ்வளவு முழுதாக மாற்ற முடியும், பழையது இருந்ததற்கு ஒரு சாட்சிகூட மிஞ்சாமல். அங்கே கூடியிருந்தவர்களில் மிஞ்சிய சாட்சி நான் ஒருவன்தான், நானும் இதோ இப்போது உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

திரும்பி வரும்போது ஒரு சாவடியில் மறித்தார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த டொக்டர் அடையாளத்தைப் பார்த்துவிட்டு, இதில் டொக்டர் யார் என்று சிங்களத்தில் கேட்டான் பட்டாளத்துப் பொடியன். நான் அன்சாரைக் காட்டினேன். அதே நேரத்தில் அன்சார் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து என்னைக் காட்டினான். பொடியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்குத் தடியைத் தூக்க வேண்டும்" என்றான். மூன்று பேரும் சிரித்தோம், தடி மேலே போனது. கார் ஓடத் தொடங்கிய பிறகு நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தேன். அந்தச் சொல் கேட்டால் அங்கே முன்பு ஏதோ எழும்பும். வயல்களின் காற்று ஜன்னலால் வந்தது. உள்ளே சத்தமே இல்லை.

உன் கடிதத்தை இன்னொரு தரம் எடுத்து வாசித்தேன். அந்த அப்போதிக்கரியின் பெயரை நீ எழுதவில்லை. நீ கேட்டிருக்கவில்லை போலும். போய்ச் சேர்ந்ததும் அதைக் கேட்டு எனக்கு எழுது. நானும் உம்மாவும் துஆவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உன் கையில் சுகம் தங்கட்டும்.

உன் வாப்பா